புதன்கிழமை லாரிக்குப் புடலங்காய்

கோயம்புத்தூரில் நான் காய்கறி வாங்கும் பெரிய கடையில், புடலங்காய்த் தட்டுக்கு மேலே ஒரு படம் தொங்கும். பச்சைப் பந்தலுக்குக் கீழே ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டு நிற்பார். ‘பாலக்காட்டு எல்லை விவசாயிகளிடமிருந்து நேரடியாக’ என்று கீழே எழுதியிருக்கும். நேரடியாக என்றால் எப்படி நேரடியாக? இந்த மாதிரி ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜாக்கெட் தைத்துத் தரும் கவிதாவிடம் சொல்லிவைத்தேன். “எங்க நாத்தனா அங்கதானுங்க்கா பொடலங்காப் பந்தல் போட்டிருக்காங்க. அந்தக் கடைக்குத்தான் காய் போடறாங்க. ஒருநா போயி இருந்துட்டு வாங்க” என்றார். தை மாதக் கடைசியில், செவ்வாயும் புதனும் கல்லூரி அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். “ஊட்டிக்குப் போறவங்களைப் பாத்திருக்கேன், புடலங்காய் பாக்க லீவு போட்ட ஆளு நீ ஒருத்திதான்” என்றார் என் வீட்டுக்காரர். சொல்லட்டும்.

உக்கடத்தில் காலை ஏழேகாலுக்கு வேலந்தாவளம் பஸ். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். சமத்தாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் கேரள எல்லையில் இறக்கிவிடுவார்கள். சோதனைச் சாவடியைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகள் மலையாளத்துக்கு மாறும், பேச்சு மாறாது. டீக்கடைக்காரர், “சாயா போடட்டுங்களா?” என்று கேட்டார். சாயா மலையாளம், ‘ங்களா’ நம்ம கொங்கு. சாயாவும் பழம்பொரியும் இருபத்தைந்து ரூபாய். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி அருமை.

அங்கிருந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கினேன். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும். நடத்துநரிடம் எதற்கு வந்தேன் என்று உளறிவிட்டேன். “பொடலங்கா பாக்கவா? ஏனுங்க, உங்கூர்ல கெடைக்கறதில்லீங்களா?” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். கையில் பையோடு இறங்கினேனே தவிர, மானம் பஸ்ஸிலேயே போய்விட்டது.

கவிதாவின் நாத்தனார் சரஸ்வதி ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேலே கணவரின் முழுக்கைச் சட்டை. “பந்தலுக்குள்ள பூச்சி கடிக்குமுங்க்கா, உங்களுக்கும் ஒரு சட்டை எடுத்து வெச்சிருக்கேன்” என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஒன்றரை ஏக்கர் பந்தல். உள்ளே நுழைந்ததும் நெற்றியில் ணங்கென்று ஒரு அடி. நிமிர்ந்தால், ஒவ்வொரு புடலங்காயின் நுனியிலும் நூலில் கட்டிய சின்னக் கல் தொங்குகிறது! கல் கட்டாவிட்டால் காய் பாம்பாகச் சுருண்டுகொள்ளுமாம். சுருண்ட காயை யாரும் சீந்த மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற தைமாதக் காற்றில் அத்தனை கல்லும் ஆடியது. சரஸ்வதியின் கணவர் வேலுச்சாமி அந்தக் கோடியில் கல் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “வாங்க” என்றார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் அவரிடமிருந்து வேறு பேச்சு வரவில்லை. கோபக்காரர் இல்லை, அவர் சுபாவம் அப்படி.

பெரிய கடைக்காரர்கள் பக்கத்தில் ஒரு கொள்முதல் நிலையம் வைத்திருக்கிறார்கள். ஊரில் எல்லோரும் அதை ‘சென்டர்’ என்கிறார்கள். அன்று பறித்த காயைக் கொண்டுபோனபோது நானும் டெம்போவில் தொற்றிக்கொண்டேன். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். சுத்தமான இடம், மேலே கூரை, கீழே சிமெண்ட், கையலம்பக் குழாய். பொறுப்பாளர் அனீஷ் கொல்லங்கோட்டுப் பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். எல்லோரையும் சேச்சி, சேட்டன் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார். தராசு ஏமாற்றாது, பணம் நேராகச் சரஸ்வதியின் பேங்குக் கணக்குக்குப் போகிறது, மண்டியைவிடக் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடவும் கிடைக்கிறது. பெரிய கடை என்றாலே அரக்கன் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அங்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

ஆனால் அங்கே ஒரு கூத்து நடந்தது. கிரேட் என்கிற பிளாஸ்டிக் பெட்டிக்குப் பன்னிரண்டு கிலோ கணக்கு. அனீஷ் எடை போட்டதும், சரஸ்வதி தன் கைப்பழக்கத்தில் மேலே இரண்டு காயை எடுத்து வைத்தார். தராசின் திரை சிவப்பாகி ஒரு சத்தம் போட்டது. அனீஷ் சிரித்துக்கொண்டே இரண்டையும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“சேச்சி, எத்தனை தடவை சொல்றது? கூடுதல் வெச்சா சிஸ்டம் எடுக்காது.”

“தம்பி, கொசுறு வெக்காம நிறுத்துக் குடுத்தா எனக்குக் கை கூசுதுங்க.”

மூன்று வருஷமாக இதே கதையாம். மண்டியில் நிறுத்தபிறகு மேலே ஒரு கை அள்ளி வைக்காவிட்டால் அது கொடுத்ததாகவே ஆகாது. “குடுக்கறத வேண்டாங்கற கடைய இங்கதானுங்க்கா பாக்கறேன்” என்று என்னிடம் முணுமுணுத்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் திரும்பி வரும்போது டெம்போவின் பின்னாலேயே கிடந்தது. சென்டர் தினமும் ராத்திரி போனில் செய்தி அனுப்பும்: நாளைக்கு இத்தனை கிரேட். அன்று பத்துக் கிரேட் கேட்டிருந்தார்கள். பந்தல் கொடுத்ததோ பதினேழு. மிச்சம் ஏழும் திரும்பி வந்தன. அதை நாளைக்குக் கொடுக்க முடியாது, வாடிவிடும். பறிக்காமல் கொடியில் விட்டாலும் ஆகாது. இரண்டு நாளில் கிரேட்டுக்குள் படுக்காத அளவுக்கு நீண்டுவிடும், நீண்டதைச் சென்டர் தொடாது. “கொடிக்குப் போன் வராதுங்களே” என்றார் சரஸ்வதி.

அப்படியானால் அந்த ஏழு கிரேட் எங்கே போகும்? அதற்குத்தான் மண்டி. சாயங்காலம் அங்கே கூட்டிப்போனார். ரோட்டோரம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. நடத்துகிறவர் ரங்கசாமி, அறுபது வயது, சதா வெற்றிலை. முன்னெல்லாம் தினமும் திருச்சூர் வியாபாரிகளின் லாரி வந்து நிற்குமாம். சுமை தூக்க ஆட்கள், சாக்கு தைக்க ஆட்கள், எதிரே இரண்டு சாப்பாட்டுக் கடை. நான் பார்த்தபோது ஒரு கடை பூட்டியிருந்தது. கொட்டகையின் ஒரு மூலையில் மட்டும் வளைந்த காயும் நீண்ட காயும் கிடந்தன.

“என்ன ஆச்சுங்க?” என்றேன்.

“ஒண்ணும் ஆகலீங்க. சென்டர்க்காரன் நல்ல காயா எடுத்துக்கறான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது, அவன் கடைக்கு அது வேணும். கழிச்ச காய் இங்க வருது. கழிச்ச காய வாங்க திருச்சூர்ல இருந்து எவன் டீசல் போட்டுட்டு வருவான், சொல்லுங்க? இப்ப புதன்கெழம புதன்கெழம ஒரே லாரி. அவரும் போன வாரம் சொல்லிப்போட்டாரு. நாளைக்கு நல்ல காயா லாரி நெறையலைன்னா இனி இந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்க மாட்டாராம்.”

லாரி நின்றால் மண்டியை மூட வேண்டியதுதான் என்றார். மூடினால்? சென்டர் கேட்கிற பத்துக் கிரேட் போக மிச்சமெல்லாம் மாட்டுக்கு. சென்டர் ஒருநாள் பத்தை ஐந்தாக்கினால் அதையும் கேட்க நாதி இருக்காது. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சென்டர் நல்ல விலை கொடுப்பதே பக்கத்தில் மண்டி என்று ஒன்று இருப்பதால்தான். அது போய்விட்டால், அப்புறம் அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

இதைச் சரஸ்வதி எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். சும்மா இருக்கவும் இல்லை. ஒரு வாரமாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பந்தல் போட்ட வீடு வீடாகப் போயிருக்கிறார். ‘வாரத்துல ஒரே ஒருநா, புதன்கெழம மட்டும், முதல் தரக் காய மண்டிக்குக் கொண்டாங்க. மத்த நாளெல்லாம் சென்டருக்குப் போடுங்க, ஆரு வேண்டாங்கறா’ என்று கெஞ்சியிருக்கிறார். சும்மா ஒப்புக்கொள்வார்களா? கேட்ட கிரேட்டைக் கொடுக்காவிட்டால் சென்டரில் ஒரு தடவை எச்சரிப்பார்கள், மறுபடியும் தவறினால் பேரை எடுத்துவிடுவார்கள். அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. கடைசியில் தன் வீட்டோடு சேர்த்து எட்டு வீடு தேறியது. ரொம்ப முரண்டு பிடித்தவர் செல்லமுத்து என்ற பக்கத்துத் தோட்டக்காரர். அவர் வீட்டுக்குச் சரஸ்வதி நாலு நடை நடந்தாராம். “நீ மொதல்ல கொண்டா அம்மிணி, பொறவு பாக்கலாம்” என்று சொல்லித்தான் அவர் இறங்கி வந்தார்.

ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம், புடலங்காய்ப் பொரியல். நெய்யைக் கவிழ்த்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வேலுச்சாமியின் போனில் செய்தி வந்தது: நாளைக்குப் பதினைந்து கிரேட். வழக்கத்தைவிட அதிகம். அவர் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். “ஒருநாளைக்கு இல்லைன்னு சொன்னா ஒண்ணும் ஆயிராதுங்க” என்றார் சரஸ்வதி. வேலுச்சாமி மோர் கேட்டார். அவ்வளவுதான்.

காலை ஆறு மணிக்கெல்லாம் பறித்தாயிற்று. நான் கூடப் பறித்தேன் என்று எழுத ஆசைதான். நாலு காயோடு என்னை உட்காரவைத்துவிட்டார்கள். முதல் தரமாகப் பதினைந்து கிரேட் டெம்போவில் ஏறியது. வேலுச்சாமி டெம்போவை எடுத்துவருவதாகப் பேச்சு. சரஸ்வதி என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். மண்டியில் ரங்கசாமி தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். வாசலை ஒட்டிய முதல் இடம் சரஸ்வதிக்கு. ஏலம் அங்கிருந்துதான் தொடங்கும். முதல் குவியலுக்கு விழுகிற விலையைப் பிடித்துக்கொண்டே மற்றதெல்லாம் போகும். அதனால் முதல் இடத்தை வெறுமையாக விட்டு ஏலம் சொல்ல மாட்டார்கள். அந்த மண்டியில் அது பழக்கம்.

ஏழு மணிக்கு ஒரு டெம்போ வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மூன்று சக்கர வண்டியில் ஒருவர், மொபெட்டில் மூட்டை கட்டி ஒருவர். செல்லமுத்துவும் வந்துவிட்டார். இறக்க இறக்கக் கொட்டகை பச்சையாகிக்கொண்டே போனது. எல்லாம் நேரான, பளபளப்பான, தூசி துடைத்த காய். ரங்கசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஒரு காயைத் தடவிப் பார்த்தார். “நெம்ப நாளாச்சுங்க” என்றார். எட்டே காலுக்குத் திருச்சூர் லாரி வந்து நின்றது. ஏழு வீட்டுக் காய் வந்துவிட்டது. முதல் இடம் மட்டும் காலி.

“டயர் கியர் பஞ்சர் ஆயிருக்குமுங்க” என்றார் சரஸ்வதி. போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். லாரிக்கார வியாபாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு ஊர் போகணும், சீக்கிரம் தொடங்குங்க என்று மலையாளத்தில் ரங்கசாமியிடம் சொன்னார். அரை மணி நேரம் அப்படியே போனது. நான் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவரலாமா என்று கேட்கிற நேரத்தில் வேலுச்சாமியே கூப்பிட்டார். சரஸ்வதி போனை ஒலிபெருக்கியில் போட்டாரோ, கை தவறிப் பட்டதோ தெரியவில்லை, பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

“நான் சென்டர்ல இருக்கறனுங்க அம்மிணி. பதினஞ்சும் எறக்கிட்டேன்.”

சரஸ்வதி காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“பேரை எடுத்துப்போடுவாங்கன்னு பயமா இருந்துச்சு. வண்டி தானா இந்தப் பக்கம் திரும்பிருச்சு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெண்டாட்டி ஊரையெல்லாம் ஆற்றில் இறக்கிவிட்டிருக்க, இந்த மனுஷன் கரையில் நிற்கிறாரே! ஆனால் சரஸ்வதியின் முகத்தைப் பார்த்தபிறகு என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் போனை அணைத்துவிட்டு நேராகக் காலி இடத்துக்குப் போய் நின்றார். யாரும் கேட்பதற்கு முன்னால் தானே சொன்னார்.

“எங்க ஊட்டுக்காரரு காய சென்டருக்குக் கொண்டுபோயிட்டாருங்க. உங்க ஊட்டுக்கெல்லாம் வந்து கேட்டவ நானு. எங்கூட்டுக் காய்தான் வரல. ஆரு என்ன சொல்றதுன்னாலும் என்னைச் சொல்லுங்க, அவரைச் சொல்லாதீங்க.”

ஒருவர் தன் காயைப் பார்த்தார், ஒருவர் டெம்போவைப் பார்த்தார். இப்போது யாராவது ஒருவர் தன் மூட்டையைத் திரும்ப ஏற்றினால் போதும், மற்றவர்களும் ஏற்றிவிடுவார்கள். சென்டர் பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும்.

செல்லமுத்து எழுந்தார். தன் குவியலில் இருந்து இரண்டு கை நிறையக் காயை அணைத்துத் தூக்கினார். போச்சு, ஏற்றப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைக் கொண்டுவந்து சரஸ்வதி நின்ற இடத்தில் வைத்தார். திரும்பிப் போய் இன்னொரு அணைப்பு எடுத்துவந்தார்.

“அண்ணா, வேண்டாமுங்க” என்றார் சரஸ்வதி.

“சித்த அக்கட்ட நில்லு அம்மிணி, காலுக்கடில காய் நசுங்குது. பயப்படாத ஊடு எதுங்க இங்க? நான் ராத்திரி பூராப் பொரண்டுதான் படுத்தேன்.”

மொபெட்காரரும் பத்துக் காய் கொண்டுவந்து போட்டார். பிறகு இன்னொருவர். முதல் இடம் நிறைந்தது. ரங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏலத்தைத் தொடங்கினார். விலை சென்டரைவிட இரண்டு ரூபாய் குறைவுதான். ஆனால் இருந்த அத்தனை காயும் போயிற்று. நீண்டது, வளைந்தது உட்பட. நிறுத்து முடித்ததும் ஒவ்வொருவரும் மேலே ஒரு கை அள்ளி வைத்தார்கள். திருச்சூர்க்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லாரி ஏற்றும்போது வேலுச்சாமியின் காலி டெம்போ ரோட்டோரம் வந்து நின்றது. அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று முதல் இடத்தைப் பார்த்தார். அது தன் காய் இல்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சரஸ்வதி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுமைக்காரர்களோடு சேர்ந்து மூட்டை தூக்க ஆரம்பித்தார். கடைசி மூட்டை வரைக்கும் தூக்கினார். “அடுத்த புதன் லாரி வரும்” என்று வியாபாரி சொல்லிவிட்டுப் போனதும்தான் எல்லோரும் எதிர்க்கடைக்குச் சாயா குடிக்கப் போனார்கள். வேலுச்சாமிக்கும் ஒரு கிளாஸ் சொன்னது செல்லமுத்துதான்.

பகல் பன்னிரண்டரை பஸ்ஸுக்குச் சரஸ்வதி கொண்டுவந்து விட்டார். “அவரு மேல கோவமா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. “கோவமா இருந்தா நல்லா இருக்குமுங்க்கா. பாவமா இருக்குது” என்றார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். தை, மாசியில் போங்கள். வெயில் தாங்கும், பனைமர வரிசையும் கால்வாய்த் தண்ணீரும் பார்க்க நன்றாக இருக்கும். காற்று பலம், தொப்பி நிற்காது. எல்லையிலிருந்து கொழிஞ்சாம்பாறை, நல்லேப்பிள்ளி, சித்தூர் என்று அந்த ரோட்டிலேயே பஸ் போகும். கறிகாய் முடிந்து நெல் வயல் ஆரம்பிப்பதை ஜன்னலோரம் உட்கார்ந்தே பார்க்கலாம். தங்க வேண்டுமானால் பாலக்காடு நகரத்துக்குப் போய்விடுங்கள், வழியில் பெரிதாக விடுதி கிடையாது. இந்த ரோட்டில் சின்ன மண்டிகள் உண்டு. காலை எட்டுக்குள் போனால் ஏலம் பார்க்கலாம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், யார் எங்கே காய் போடுகிறார் என்பது சிலருக்குப் பிழைப்புப் பிரச்சினை. பந்தலுக்குள் போனால் குனிந்து போங்கள். எனக்கு எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. தங்கலும் சாப்பாடும் கவிதாவின் நாத்தனார் புண்ணியம்.

பெரிய கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு வருகிறவளுக்கு அந்தக் கடைதான் திறந்திருக்கிறது. அங்கே வாங்குகிற காயிலும் சரஸ்வதி போன்றவர்களின் சோறு இருக்கிறது. ஆனால் வாரத்தில் ஒருநாளாவது உழவர் சந்தைக்கு எழுந்து போகிறேன். அது இருந்தால்தான் இதுவும் ஒழுங்காக இருக்கும் என்று இப்போது நம்புகிறேன்.

ஒரு வாரம் கழித்துப் புதன்கிழமை மத்தியானம் சரஸ்வதி கூப்பிட்டார். எடுத்ததும், “லாரி வந்துச்சா?” என்றேன்.

“வந்துச்சுங்க்கா. நெறஞ்சும் போச்சு. இந்த வாரம் எங்கூட்டு டெம்போதான் மொதல்ல. அவரே ஓட்டியாந்தாரு. சென்டர்ல இருந்து எச்சரிச்சு விட்டிருக்காங்க, பாக்கலாம்.”

“செல்லமுத்து அண்ணனுக்குச் சந்தோஷமா?”

“அவரு இந்தவாட்டி வரலீங்க்கா. ராத்திரி சென்டர்ல இருந்து போன் வந்துச்சாம், பயந்துட்டாரு. காய அங்கயே கொண்டுபோயிட்டாரு.”

“அப்ப அவரு இடம்?” என்றேன்.

“எங்கூட்டுக்காரரு நம்ம காயில பாதிய அள்ளிக் கொண்டுபோயி அவரு எடத்துல வெச்சுட்டாரு.”